உபதொழில் யாருக்கு உரியது?

பயிர்த்தொழில் செய்கிறவன் ஒரே பயிரை நம்பி வாழலாகாது, அவனுக்கு உபதொழில் ஒன்று வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஓதும் வேதமாகிவிட்டது. தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் திணைக்களங்களின் கருத்தரங்குகளும் அதனையே ஓதுகின்றன. தேயிலை விலை சரிந்தால் கறுவா நடு என்கிறார்கள். றப்பர் நட்டமானால் மாடு வளர், பழ மரம் வை, பாணி காய்ச்சு என்கிறார்கள். அறிவுரையில் தவறில்லை. ஒற்றைத் தூணில் நிற்கும் வீடு ஒரு காற்றுக்கே ஆடும். ஆனால் கேகாலையிலோ இரத்தினபுரியிலோ உள்ள ஒரு தோட்டத்து லயத்தின் முன்னே நின்று இவ்வறிவுரையைக் கேட்கும் ஒருவன், சற்று வரலாறும் படித்தவனாக இருந்தால், அவன் மனத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. இந்நாட்டின் மலைகளில் உபதொழில் தொடங்கி முன்னுக்கு வர யாரால் முடிந்தது? யாரால் முடியவில்லை? முடியாமற் போனதற்கு அவரவர் சோம்பல்தான் காரணமா?

இக்கேள்விக்கு விடை தேட ஒரு சிறு பியர் ஆலையின் கதையை எடுத்துக்கொள்வோம். பண்ணை ஒன்று தள்ளாடியபோது அதன் பக்கத்தில் எழுந்த ஆலை அது. அதன் அருகே சப்பிரகமுவாக் கிராமத்துக் கித்துள் மரத்தையும் நிறுத்திப் பார்ப்போம். இரண்டிலும் நடப்பது ஒரே இரசாயனம்தான்: இனிப்பு நீர் நொதித்து மதுவாகிறது. ஆயினும் ஒன்று புகழ்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது; மற்றது அனுமதிச்சீட்டு இன்றிச் செய்தால் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே நமது ஆராய்ச்சி.

நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று, 1864இல் கண்ட ஏரியொன்றுக்கு ஆல்பர்ட் என்று பெயரிட்ட சாமுவேல் பேக்கரை உலகம் அறியும். அந்தப் புகழுக்கு முன் அவர் இலங்கையில் ஒரு பண்ணைக்காரர். 1821இல் பிறந்த அவருடைய குடும்பம் கப்பலும் வங்கியும் சீனி வாணிபமும் நடத்திய செல்வக் குடும்பம்; ஜமைக்காவிலும் மொரீசியசிலும் அதற்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்கள் எவர் உழைப்பால் செழித்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது, நட்டஈடாக இரண்டு கோடி பவுண் அடிமைகளின் எசமானர்களுக்கு வழங்கப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைக்கு ஒரு காசும் இல்லை. அடிமைகள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பவே 1834 முதல் இந்தியக் கூலிகள் மொரீசியசுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அந்தத் தீவில் சில காலம் குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட இளைஞர் பேக்கர், யானை வேட்டையில் ஆசை கொண்டு 1846இல் இலங்கைக்கு வந்தார்.

வந்த இடத்தில் காட்டுக் காய்ச்சல் பிடித்தது. உடல் தேற நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள அந்தக் குளிர் சமவெளி அப்போது ஆங்கிலேயருக்குப் புதிய கண்டுபிடிப்பு. 1819இல் மருத்துவர் ஜோன் டேவி அங்கே சென்று, பின்னர் அதைப் பற்றி எழுதியதன் பின், தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கே மாளிகை கட்டினார். நோயுற்ற படைவீரருக்கு ஓய்விடமும் அமைந்தது. இரண்டே வாரத்தில் உடல் தேறிய பேக்கருக்கு ஒரு கனவு பிறந்தது. இந்த மலையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே குடியேற்றினால் என்ன? அரசாங்கத்திடம் ஏக்கர் 20 ஷில்லிங் வீதம் விரிந்ததொரு நிலப்பரப்பை வாங்கினார். இங்கிலாந்து சென்று, பண்ணை மேற்பார்வையாளன், கொல்லன், வேலையாட்கள், கலப்பைகள், விதைகள், மரம் அறுக்கும் இயந்திரம், உயர்சாதிக் காளை, பசு, செம்மறிக் கடாக்கள், குதிரை, வேட்டை நாய்கள் என்று எல்லாவற்றையும் திரட்டினார். 1848 செப்டெம்பரில் இவற்றையெல்லாம் ஏற்றிக்கொண்டு ‘ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக்’ என்னும் கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டது.

அந்த ஆண்டை நாம் மறத்தலாகாது. கப்பல் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் மாத்தளையிலும் குருநாகலிலும் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தார். பணமாகக் கட்டு, இன்றேல் தெரு வெட்ட உடலுழைப்புக் கொடு என்றார். எழுந்த மக்களைப் படை கொண்டு அடக்கி, ஆகஸ்ட் மாதத்தில் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றனர். நாய் வளர்த்த கிராமத்தான் வரி கட்ட முடியாமல் தவித்த அதே ஆண்டில், மலையேறிக் குடியேறப் புறப்பட்ட துரையின் கப்பலில் நாய்கள் ஒரு கூட்டமாகப் பயணம் செய்தன.

பேக்கர் வாங்கிய நிலம் அரசாங்கத்தின் நிலமானது எப்படி? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்றொன்று உண்டு. காடு, தரிசு, இடையிட்டுப் பயிரிடும் சேனை ஆகிய எதற்கும் எழுத்து மூலமான உரிமை காட்ட முடியாவிட்டால் அது முடிக்குரிய காணி என்று கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தானிடம் ஓலையும் இல்லை, உறுதியும் இல்லை. பாட்டன் வெட்டினான், தந்தை வெட்டினான், நான் வெட்டுகிறேன் என்பதே அவனுடைய சாசனம். அந்தச் சாசனத்தைச் சட்டம் படிக்க மறுத்தது. கண்டிச் சீமையின் மலைகளில் மட்டுமன்றிச் சப்பிரகமுவாவின் குன்றுகளிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தது இந்த வழியில்தான். துரை செலுத்திய 20 ஷில்லிங் நிலத்தின் விலை என்பதைவிட, கிராமத்தானுடைய மௌனத்தின் விலை எனலே பொருந்தும்.

இவ்வளவு வசதியோடு தொடங்கிய பண்ணை செழித்ததா? இல்லை. தமக்கு நேர்ந்ததைப் பேக்கரே 1855இல் வெளியிட்ட நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மலைப்பாதையில் அவருடைய வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. பாரம் இழுத்த யானை ஒன்று ஓய்வின்றி வேலை வாங்கப்பட்டுச் செத்தது. கால்நடை நோய் வந்து சில நாட்களில் 26 எருதுகள் மாண்டன; முதலாண்டிலேயே ஐந்து ஆஸ்திரேலியக் குதிரைகளும் போயின. ஓட்ஸ் பயிரை மரையும் காட்டுப் பன்றியும் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடர்ந்த காட்டைக் கண்டு வளமானது என்று எண்ணிய மண், காடு வெட்டியதும் தன் வறுமையைக் காட்டிற்று. உரமின்றி எதுவும் விளையாது என்ற பாடத்தைப் பெரும் பொருட்செலவில் அவர் கற்றார்.

இந்நிலையில்தான் 1849இல் பண்ணையின் பக்கத்தில் சிறியதொரு பியர் ஆலை தோன்றியது. இலங்கையின் பியர்த் தொழில் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. உபதொழில் என்ற முறையில் அது மிகவும் புத்திசாலித்தனமான முயற்சி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பகைவனின் திறமையையும் உள்ளவாறு அளப்பதே வரலாற்று முறை.

பியர் எவ்வாறு ஆகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். பார்லித் தானியத்தை நனைத்து முளைகட்டி உலர்த்துவார்கள். முளைத்த தானியத்தை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாப்பொருள் சர்க்கரையாக மாறி இனிப்புச் சாறு இறங்கும். அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் என்னும் மதுவத்தைக் கலந்தால் சாறு நொதிக்கத் தொடங்கும். இங்கேதான் சிக்கல். வெப்பம் மிகுந்தால் மதுவம் மட்டுமன்றி வேண்டாத நுண்ணுயிர்களும் பெருகிச் சாறு புளித்துக் கெடும். இயந்திரக் குளிரூட்டல் பரவாத அக்காலத்தில் கொழும்பின் வெக்கையில் பியர் காய்ச்சுவது வீண் முயற்சி. நுவரெலியாவின் குளிரோ இயற்கை இலவசமாகக் கொடுத்த குளிரூட்டி. லவர்ஸ் லீப் அருவியின் தெளிந்த நீர் அருகிலேயே கிடைத்தது. காய்ச்சிய பின் எஞ்சும் தானியச் சக்கை மாட்டுக்குத் தீவனம். மாட்டின் சாணம் மெலிந்த மண்ணுக்கு உரம். வாங்குவோரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஓய்வுக்கு வரும் படைவீரர், சுற்றுவட்டாரத்துக் கோப்பித் துரைமார் ஆகிய எல்லோரும் கடல் கடந்து வரும் பியருக்குக் கூடிய விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

இது பேக்கரின் தனிப்பட்ட மூளைக்கு மட்டும் எட்டிய யோசனையும் அன்று. வெள்ளையர் ஆட்சி எங்கெங்கு மலையேறியதோ அங்கெல்லாம் பியர் ஆலையும் ஏறியது. இமயத்தின் அடிவாரத்துக் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் ஆலை நடத்தினார். 1860இல் மரீ மலையில் மற்றொன்று எழுந்தது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள்மேல் சுடக் கட்டளையிட்ட தளபதி டயர் அந்த எட்வர்ட் டயரின் மகனே. படை, பண்ணை, பியர் மூன்றும் ஒரே வீட்டின் பிள்ளைகள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பேக்கர் 1855இல் நாடு திரும்பினார். அவர் போட்ட விதை போகவில்லை. சகோதரர் ஜோன் இங்கேயே தங்கினார். கோப்பியை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்தது. துரைமார் சின்கோனாவை நட்டனர். சின்கோனா விலை விழுந்தபோது தேயிலைக்கு மாறினர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைகளை மூடிற்று. தாழ்ந்த குன்றுகளில், குறிப்பாகக் கேகாலையின் யட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, தெரணியகலைப் பக்கங்களில் றப்பர் பரவியது. பியர்த் தொழிலும் கைமாறிக் கைமாறி வளர்ந்தது. 1881 முதல் வணிக அளவில் நடந்து, நூற்றாண்டுக்கு மேல் நுவரெலியாவின் அடையாளங்களுள் ஒன்றாக நின்றது. 1998இல் கொழும்பை அடுத்த பியகமவில் புதிய ஆலை எழுந்தது. இயந்திரம் குளிரைச் செய்யத் தெரிந்துகொண்டபின் மலையின் குளிர் முதலாளிக்குத் தேவைப்படவில்லை.

இந்த வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கோப்பி, சின்கோனா, தேயிலை, றப்பர், பியர்: ஒன்று விழும்போது மற்றொன்றில் கால் ஊன்றும் வாய்ப்பு முதலுக்கு எப்போதும் இருந்தது. உபதொழில் என்பதன் மெய்யான பொருள் இதுதான். நட்டத்தைத் தாங்கும் கையிருப்பு, மாற்றிப் பயிரிட நிலம், கடன் கொடுக்க வங்கி, காவலுக்குச் சட்டம் ஆகிய நான்கும் உள்ளவனே உபதொழில் செய்ய முடியும். 26 எருதுகள் செத்தபின்னும் பேக்கரால் ஆலை கட்ட முடிந்ததே, அதன் இரகசியம் அவருடைய ஊக்கம் மட்டுமா? ஓர் எருது செத்தால் ஒரு தலைமுறையே கடனாளியாகும் குடியானவனுக்கு ஊக்கமில்லை என்று யார் சொல்ல முடியும்?

இனிச் சப்பிரகமுவாக் கிராமத்துக்கு இறங்குவோம்.

ஈரம் மிகுந்த இக்குன்றுகளில் கித்துள் மரம் தானாகவே வளரும். தமிழில் கூந்தற்பனை என்பர். அதன் பாளையைப் பக்குவமாகச் சீவினால் இனிய நீர் சொட்டும். உடனே காய்ச்சினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி. காய்ச்சாமல் விட்டால் அதுவே நொதித்துக் கள்ளாகும். தண்டின் சோற்றை இடித்தால் மா, நார் கயிறாகும், வைரமான கட்டை வீட்டுக்கு உதவும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். சாதாரண மரம் ஒன்றே நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் நீர் தரும் என்கிறார். ஆக, பேக்கரின் கப்பல் புறப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்குள்ள குடியானவன் பண்ணையையும் நொதித்தலையும் இணைக்கக் கற்றிருந்தான். வயலில் நெல், மேட்டில் சேனை, வேலியோரத்தில் கித்துள். கற்றறிந்தோர் இன்று பெரும் பெயரிட்டு அழைக்கும் பன்முகப் பயிர்த்தொழில், பெயரே இல்லாமல் அவனிடம் இருந்தது. பார்லியும் ஹாப்ஸும் இம்மண்ணின் பயிர்கள் அல்ல. கித்துள் இம்மண்ணின் பிள்ளை.

ஆயின் இந்த உபதொழிலின் கதி என்ன? ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டனர். ஒரு பிரதேசத்தின் கள், சாராய விற்பனை உரிமை முழுவதும் ஏலத்தில் விடப்படும். அதிக பணம் கட்டுபவன் குத்தகைக்காரன். அரசுக்கு அலைச்சலின்றி வருமானம். குத்தகைக்காரனுக்குப் போட்டியின்றிக் கொள்ளை. தன் மரத்தில் தான் இறக்கிய கள்ளைக் குத்தகைக்காரனை மீறி அயலானுக்கு விற்பது குற்றமாயிற்று. இந்தக் குத்தகைப் பணமே இலங்கையில் உள்நாட்டு முதலாளி வர்க்கம் உருவாவதற்கு முதன்மையான ஊற்றாக அமைந்தது என்பதைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். மொறட்டுவையின் டி சொய்சா குடும்பம் போன்றவை சாராயக் குத்தகையில் திரட்டிய பணத்தைக் கோப்பியிலும் தென்னையிலும் இட்டுப் பெருஞ்செல்வரானார்கள். கிராமத்தானின் மரத்தடியில் நின்ற தொழில், அவன் கையை விட்டு ஏல மண்டபத்துக்குப் போய்விட்டது.

அந்தச் செல்வத்தின் மறுமுனையில் நின்றவன் யார்? தோட்டத் தொழிலாளி. தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, ஆயிரக்கணக்கானோரை வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலி கொடுத்து மலையேறியவர்கள் நம் மக்கள். துரையின் காளை கப்பலில் வந்தது. கூலி கால்நடையாக வந்தான். வந்து சேரும்போதே கங்காணியின் முற்பணம் அவன் தலையில் கடனாக ஏறியிருந்தது. கடன் எழுதிய ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்கு அவனை விற்கும் சீட்டாக மாறியது. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அட்டைக் கடியும் மழையும் குளிரும் பத்தடி அறையும் கொண்ட வாழ்வில், நாள் முடிவில் அவனுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் தவறணையின் வாசல். குத்தகைக்காரன் கணக்கில் கெட்டிக்காரன். கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் கடை போடுவான்.

துரையும் குடித்தான், கூலியும் குடித்தான். துரை குடித்ததற்குக் களைப்பு நீக்குதல் என்று பெயர். கூலி குடித்ததற்கு ஒழுக்கக்கேடு என்று பெயர். பெயர் சூட்டும் உரிமையும் வர்க்கத்தின் உடைமையாகவே இருந்தது.

இதனால் குடியை நாம் நியாயப்படுத்துவதாக எவரும் கருத வேண்டாம். தவறணைக்குப் போன ஒவ்வொரு காசும் ஒரு குழந்தையின் சோற்றிலிருந்து பிடுங்கப்பட்டது. கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண், அந்தக் கூலியையும் கணவனின் கையிலிருந்து காப்பாற்றப் போராடினாள். சம கூலி அவளுக்கு 1984இல்தான் வந்தது. குடியின் கணக்கைப் பெண்ணின் முதுகில் எழுதிய கொடுமையைத் தோட்டப் பாடசாலையில் பாடம் நடத்தும் எந்த ஆசிரியரும் அறிவார். திங்கட்கிழமைகளில் வகுப்பில் யார் யார் இடம் வெறுமையாயிருக்கிறது என்பதே போதிய சான்று. நாம் கேட்பது வேறு: குடியை எதிர்த்தவர்கள் அதன் வேரை எதிர்த்தார்களா?

1912இல் அரசாங்கம் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து குத்தகை முறையை மாற்றி, ஊரூராகப் புதிய கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டது. அதனை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் பொங்கி எழுந்தது. அதன் தலைவர்கள் 1915 கலவரத்தைச் சாக்கிட்டுச் சிறையிலடைக்கப்பட்டனர். அந்நிய ஆட்சியின் வருமானத்தையே தாக்கிய அவ்வியக்கம் நாட்டு விழிப்புக்குப் பெருந்தொண்டு செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மேடைகளில் வீற்றிருந்தோர் பெரும்பாலும் தோட்டமும் சுரங்கமும் உடையவர்கள். சாராயத்தில் பணம் திரட்டிய குடும்பங்களே மதுவிலக்குக்கு நன்கொடை கொடுத்த விந்தையும் அங்கே நிகழ்ந்தது. தவறணையை மூடச் சொன்ன குரல், கூலியை உயர்த்தச் சொல்லவில்லை. லயத்தை இடித்து வீடு கட்டச் சொல்லவில்லை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் மலைநாட்டில் தொழிலாளரைக் கண்டு குடியை விடுமாறு உருகிக் கேட்டார். அவருடைய உருக்கத்தில் களங்கமில்லை. ஆயினும் தொழிலாளி குடியை விட்ட பின் அவன் கையில் மிஞ்சும் காசைக் கொண்டு ஊன்றி நிற்க ஓரடி நிலமாவது அவனுக்கு உண்டா என்ற கேள்விக்கு எந்த மேடையும் விடை சொல்லவில்லை.

விடை தேடியவர்கள் வேறு வழியாக வந்தார்கள். 1934–35இல் மலேரியா பெருவாரியாகப் பரவிச் சில மாதங்களில் 80,000 உயிர் அளவில் குடித்தது. மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் கேகாலை மாவட்டமும் ஒன்று. சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தனர். அவர்கள் கண்டது வெறும் காய்ச்சலை அன்று. காய்ச்சலைத் தாங்கும் சக்தியைத் தின்றுவிட்ட பசியை. மருந்தோடு அவர்கள் பருப்பும் மார்மைட்டும் கொடுத்தனர். மார்மைட் என்பது எதிலிருந்து ஆகிறது? பியர் காய்ச்சியபின் எஞ்சும் மதுவத்திலிருந்து. முதலாளியின் கிண்ணத்துக்குப் பியர் போன பின் அடியில் தங்கிய கசடு, நலிந்த ஏழைக்கு உயிர்ச்சத்தாக வந்து சேர்ந்தது! இச்சிறு செய்தியில் ஒரு சமுதாயத்தின் முழு வரலாறும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நொதித்தல் என்னும் வித்தையில் தீமை இல்லை. அதனால் ஆகும் பொருள் யாருக்குப் போகிறது, எதற்காகச் செய்யப்படுகிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

அந்த இளைஞர்கள் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி என்.எம். பெரேராவையும், அயலிலுள்ள அவிசாவளைத் தொகுதி பிலிப் குணவர்த்தனாவையும் அரசாங்க சபைக்கு அனுப்பின. மருந்துப் பையோடு வந்தவர்களை மக்கள் மறக்கவில்லை.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. 1848இல் பேக்கரின் கப்பல் காளையோடும் நாய்களோடும் புறப்பட்டது. அவர் நிலம் வாங்கியபோது, நீ எந்நாட்டான், உன் பாட்டன் எங்கே பிறந்தான் என்று எவரும் கேட்கவில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதே மலையைத் திருத்தி, அதே மண்ணில் செத்து உரமானவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அது கேட்ட கேள்வி இதுதான்: உன் தந்தை எங்கே பிறந்தான்? பத்திரம் எங்கே? சேனை வெட்டிய சிங்களக் குடியானவனிடம் 1840இல் கேட்ட பத்திரத்தையே தமிழ்த் தொழிலாளியிடம் 1948இல் கேட்டார்கள். சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா, 1915இல் மதுவிலக்குத் தலைவராகச் சிறை சென்றவர்களுள் ஒருவர். குடிக்க வேண்டாம் என்று தொழிலாளிக்குச் சொன்ன அரசியல், குடியிருக்கவும் வேண்டாம் என்று சொல்லி முடித்தது. சிங்களக் குடியானவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே சூழ்ச்சியின் இரு பக்கங்களில் அகப்பட்டவர்கள் என்பதை இருவருமே அறியாமற் போனதுதான் நம் காலத்தின் பெருந்துயர்.

குடியுரிமை பின்னர் நீண்ட போராட்டத்தாலும் சட்டங்களாலும் மீண்டது. நிலம் மீண்டதா? 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின, தொழிலாளி அப்போதும் தொழிலாளியே. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போயிற்று. கம்பனிகள் பேக்கரின் பாதையிலேயே நடக்கின்றன: நீர்மின்சாரம், உல்லாச விடுதி, மரப் பயிர், எண்ணெய்ப்பனை. எண்ணெய்ப்பனை நடுவதை 2021இல் அரசு தடை செய்தபோதும் நட்டத்தைத் தாங்கும் கையிருப்புக் கம்பனிகளிடம் இருந்தது. தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டதும் அதே 2021இல்தான். அதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. வீட்டுத் திட்டத்தில் அவனுக்குப் பேசப்பட்டது 7 பேர்ச்சு நிலம். ஏக்கர் ஒன்றுக்கு 160 பேர்ச்சு என்பது நம் நாலாம் வகுப்பு மாணவனும் அறிந்த வாய்பாடு. அந்த 7 பேர்ச்சில் வீட்டைக் கட்டிய பின் மாடு எங்கே நிற்கும்? கறுவா எங்கே வளரும்? கித்துள் மரம் ஒன்று நட்டாலும் அதன் நிழல் அயலான் காணியில் அல்லவா விழும்!

ஆகவே உபதொழில் வேண்டாம் என்பதா நமது முடிவு? இல்லவே இல்லை. கித்துள் பாணி காய்ச்சும் கிராமத்துப் பெண்ணும், லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியில் மாலை நேரத்தைச் செலவிடும் தோட்டத்துப் பெண்ணும் பொருளியல் நூல்கள் படிக்காமலே அதன் தேவையை உணர்ந்தவர்கள். அவர்களுக்குத் திறமையைக் கற்பிக்க வேண்டியதில்லை. திறமை காலூன்ற இடம் கொடுக்க வேண்டும். உறுதியோடு கூடிய நிலம், கந்துவட்டியில்லாத கடன், விளைபொருளைச் சேர்ந்து விற்கும் கூட்டுறவு, உழைப்பவனைக் குற்றவாளியாக்காமல் வணிகச் சூதாடியைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகியவை முதலில் வரட்டும். பேக்கருக்கு அரசு கொடுத்ததில் நூறில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதன் பின் ஊக்கத்தைப் பற்றி உபதேசிக்கட்டும், நாமும் கேட்போம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. மலையில் பியர் ஆலை கண்ட மாவீரர் என்று பேக்கரைப் பற்றிச் சுற்றுலாக் கைந்நூல்கள் சொல்வதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. அந்த மலையின் காட்டை வெட்டியவர் யார், பாதையில் பாரம் சுமந்தவர் யார், அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்ற கேள்விகளையும் வகுப்பறையில் கேட்க வேண்டும். சிங்களப் பாடசாலையிலும் தமிழ்ப் பாடசாலையிலும் ஒரே நாளில் அக்கேள்விகள் எழுமானால், சேனை இழந்தவனின் பேரனும் பெயர் இழந்தவனின் பேரனும் ஒருவர் முகத்தை ஒருவர் புதிதாகப் பார்ப்பார்கள். உபதொழில் யாருக்கு உரியது என்ற வினாவுக்கு விடை எழுத வேண்டியவர்கள் அவ்விருவருமே.